நெட் ஸ்லோவா? பிளானை மாத்தாதீங்க... முதல்ல வயரைப் பாருங்க!

திருப்பூர்:-

வீட்டுக்கு பைபர் இன்டர்நெட் இழுத்தாச்சு. சுவரில் பெட்டி பச்சை லைட் போட்டு மின்னுகிறது. மோடம் பக்கத்தில் உட்கார்ந்தால் செல்போனில் படம் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. ஆனால் உள்ரூமில் பிள்ளைக்கு வாங்கிப் போட்ட கம்ப்யூட்டரில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"நெட் ரொம்ப ஸ்லோவா இருக்குதுங்க" என்று கேபிள்காரருக்கு போன் போட்டால், பல இடங்களில் வரும் பதில் ஒன்றுதான். "அடுத்த பிளானுக்கு மாறிக்கோங்க!"

பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்த்து சம்பாதிக்கிற காசில் மாதாமாதம் கூடுதலாக கட்ட வேண்டும். கட்டிய பிறகும் அதே வட்டம் சுற்றினால் என்ன செய்வது?

பல வீடுகளில் கோளாறு பிளானில் கிடையாது. மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கிற பத்து, பதினைந்து அடி தூரத்தில்தான் இருக்கிறது. அந்த தூரத்தை வயர் போட்டு கடப்பதா, வைபையில் கடப்பதா, யு.எஸ்.பி.யில் மாட்டுவதா என்பதை சரியாக முடிவு செய்தால் இருக்கிற பிளானே போதும்.

யு.எஸ்.பி.யா, லேனா?

இந்த கேள்வி புதுசு இல்லை. 2005-ம் ஆண்டு பி.எஸ்.என்.எல். நிறுவனம் 'டேட்டாஒன்' என்ற பெயரில் பிராட்பேண்ட் கொடுக்க ஆரம்பித்த காலத்தில், வீட்டுக்கு வந்த மோடம்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரோடு சேர்க்க பின்பக்கம் 2 வழி இருந்தது. ஒன்று சதுரமான யு.எஸ்.பி. ஓட்டை. இன்னொன்று லேன் வயர் சொருகுகிற ஓட்டை. எதில் மாட்டுவது என்று அப்போதே குழப்பம்தான்.

வேகத்துக்கு இரண்டுமே தாராளம். 256 கே.பி.பி.எஸ். வந்தாலே அது பிராட்பேண்ட் என்று 2004-ம் ஆண்டு மத்திய அரசு வகுத்த கொள்கை சொன்னது. அந்த வேகத்தில் 5 எம்.பி. பாட்டு ஒன்று இறங்கவே இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். பழைய யு.எஸ்.பி. வழியிலேயே 12 எம்.பி.பி.எஸ். போகும். அதாவது வந்த தண்ணீரை விட குழாய் 40 மடங்குக்கு மேல் பெரிசு.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. யு.எஸ்.பி.யில் மாட்டினால் மோடம் கம்பெனி கொடுத்த சி.டி.யை போட்டு 'டிரைவர்' ஏற்ற வேண்டும். வைரஸ் வந்து விண்டோசை புதுசாக போட்டால் மறுபடியும் அந்த சி.டி.யை தேட வேண்டும். சி.டி. தொலைந்தால் நெட் இல்லை. நெட் இல்லாமல் டிரைவரை டவுன்லோடு செய்யவும் முடியாது. நல்ல வேடிக்கை! லேன் வயரில் இந்த தொல்லை இல்லை. எந்த கம்பெனி மோடமாக இருந்தாலும், எந்த விண்டோசாக இருந்தாலும், லினக்சாகவே இருந்தாலும் கம்ப்யூட்டரில் லேன் கார்டு வேலை செய்தால் சொருகினால் போதும்.

அன்றைக்கே ஜெயித்தது லேன் வயர்தான். ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டருக்கு இன்றைக்கும் அதுதான் முதல் வழி என்பது நம்ம ஓட்டு.

இன்னொரு விஷயம். இப்போது வரும் பைபர் பெட்டிகள் பலவற்றிலும் யு.எஸ்.பி. ஓட்டை இருக்கிறது. அதை பார்த்து ஏமாறக்கூடாது. அது பென்டிரைவ், ஹார்டு டிஸ்க் மாதிரி சாமான் மாட்டுவதற்கு. அதில் கம்ப்யூட்டரை மாட்டினால் நெட் வராது. 'டெல்' என்று போட்ட சின்ன ஓட்டை வீட்டு போனுக்கு. கம்ப்யூட்டருக்கு உரியது 'லேன்' என்று போட்ட ஓட்டை மட்டும்தான்.

40 எம்.பி.பி.எஸ். என்றால் எவ்வளவு?

வழியை தேர்ந்தெடுக்கும் முன் இந்த கணக்கு தெரிய வேண்டும். பிளானில் எழுதியிருக்கிற 'எம்.பி.பி.எஸ்.' மெகாபிட் கணக்கு. கம்ப்யூட்டரில் பைல் இறங்கும்போது காட்டுவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக 40 எம்.பி.பி.எஸ். பிளானில் வினாடிக்கு 5 எம்.பி. இறங்கினால் அது முழு வேகம். "40 சொல்லிட்டு 5 தான் குடுக்கறாங்க" என்று கேபிள்காரரிடம் சண்டைக்கு போக வேண்டாம்.

வயர் போட்டால் என்ன லாபம்?

லேன் வயரில் 100 மீட்டர் தூரம் வரை வேகம் குறையாமல் போகும். நம்ம லைன் வீட்டு வரிசை முழுவதையும் அளந்தாலும் அவ்வளவு வராது. நடுவில் சுவர் இருந்தாலும், பீரோ இருந்தாலும், பக்கத்து வீட்டில் பத்து வைபை ஓடினாலும் வயருக்கு கவலை இல்லை. பாஸ்வேர்டு வேண்டாம். இணைப்பும் அடிக்கடி அறுந்து அறுந்து ஒட்டாது.

இந்த கடைசி விஷயம்தான் முக்கியம். தமிழ்நாட்டில் என்ஜினீயரிங் கவுன்சிலிங் 2018-ம் ஆண்டு ஆன்லைனுக்கு மாறியது. வேலைக்கு விண்ணப்பம், பரீட்சைக்கு பணம் கட்டுவது, இன்டர்வியூ எல்லாம் இப்போது வீட்டு கம்ப்யூட்டரில் நடக்கிறது. கடைசி நாள் கடைசி நேரத்தில் காலேஜ் பட்டியலை உறுதி செய்யும்போது வைபை அறுந்தால் போவது அந்த பிள்ளையின் ஒரு வருஷம். வேகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம். அறுந்து போகிற இணைப்பை சமாளிக்க முடியாது.

ரிச்சி தெரு பக்கமோ, உள்ளூர் கடையிலோ செகண்ட் ஹேண்டில் வாங்கும் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் நிறைய வீடுகளுக்கு வருகின்றன. இவற்றில் பெரும்பாலும் வைபை இருக்காது. லேன் ஓட்டை மட்டும் கட்டாயம் இருக்கும். தனியாக எதுவும் வாங்க தேவையில்லை, வயரை தவிர.

எந்த வயர் வாங்குவது?

கடையில் 'கேட் 5இ', 'கேட் 6' என்று கேளுங்கள். வீட்டுக்கு கேட் 5இ போதும். அதிலேயே 1,000 எம்.பி.பி.எஸ். போகும். விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் கேட் 6 வாங்கலாம். அதற்கு மேல் நம்பர் சொல்லி விலை ஏற்றினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏமாறும் இடம் இதுதான்: செம்பு வயர் என்று சொல்லி அலுமினிய வயரை தலையில் கட்டுவார்கள். அலுமினிய கம்பி மேல் செம்பு முலாம் பூசியிருக்கும். பார்த்தால் செம்பு மாதிரியே தெரியும். வெட்டிய முனையில் உள்ளே இருக்கிற சின்ன கம்பியை பிளேடால் லேசாக சுரண்டுங்கள். வெள்ளையாக வந்தால் அலுமினியம். நாலு தடவை மடக்கி நீட்டினால் உள்ளே உடைந்து போகும். வெளியே பார்த்தால் வயர் நன்றாக இருக்கும், நெட் மட்டும் வராது.

இரண்டு முனையிலும் பின் அடித்து ரெடிமேடாக வருகிற வயரும் கிடைக்கிறது. தூரம் குறைவு என்றால் அதுவே நல்லது. சுவரில் துளை போட்டு இழுக்க வேண்டும் என்றால் ரெடிமேடு பின் நுழையாது. வெறும் வயரை இழுத்துவிட்டு பிறகு பின் அடிக்க வேண்டும். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இந்த வரிசைதான் பரவலாக அடிக்கிறார்கள். இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் சரி.

பிளான் 200, வருவது 94... ஏன்?

உள்ளே இருப்பது 8 கம்பி. 100 எம்.பி.பி.எஸ். போக 4 கம்பி போதும். அதற்கு மேல் 1,000 வரை போக 8 கம்பியும் வேண்டும். ஒரு கம்பி அறுந்தாலும், பின்னில் சரியாக உட்காராவிட்டாலும் கம்ப்யூட்டர் சத்தமே போடாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

இதை கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வயரில் மாட்டி ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். 200 எம்.பி.பி.எஸ். பிளானுக்கு பணம் கட்டுகிறீர்கள், ஆனால் எத்தனை தடவை பார்த்தாலும் 94, 95-ல் வந்து நிற்கிறது என்றால் நடுவில் எங்கேயோ 100-க்கு மேல் போகாத ஒரு இடம் இருக்கிறது என்று அர்த்தம். வயராக இருக்கலாம். பழைய கம்ப்யூட்டரின் லேன் கார்டாக இருக்கலாம். மோடத்தின் ஓட்டையாகவும் இருக்கலாம். சில பெட்டிகளில் ஒரே ஒரு லேன் ஓட்டைதான் 1,000 வேகம், மற்றவை 100 தான். 'ஜி.இ.' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தால் அது வேகமான ஓட்டை. 'எப்.இ.' என்றால் 100. ஓட்டையை மாற்றி சொருகினாலே தீர்ந்துவிடும் கோளாறு இது.

அதேசமயம் பிளானே 30, 40 எம்.பி.பி.எஸ். தான் என்றால் இதையெல்லாம் நோண்ட வேண்டாம். பழைய லேன் கார்டே போதும்.

வைபை எப்போது சரி?

செல்போனுக்கும், வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு அலைகிற லேப்டாப்புக்கும் வைபைதான். அதில் மாற்றுக் கருத்து இல்லை. 2011-ம் ஆண்டு தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவ-மாணவிகளுக்கு கிடைத்த லேப்டாப்களிலும் வைபை உண்டு. வாடகை வீட்டில் சுவரில் துளை போட ஹவுஸ் ஓனர் விடமாட்டார் என்றாலும் வைபை தவிர வழியில்லை.

ஆனால் வைபையை வாட்டுவது நம்ம வீட்டு அமைப்பு. மோடத்தை கொண்டுபோய் பீரோவுக்கு பின்னால், டி.வி.க்கு பின்னால், பரண் மேல் அண்டா குண்டாவுக்கு நடுவில் வைத்துவிடுகிறோம். இரும்பு எது இருந்தாலும் அலையை தடுக்கும். கான்கிரீட் சுவர், தகர ஷீட், கண்ணாடி பதித்த அலமாரி, தண்ணீர் தொட்டி எல்லாமே எதிரிதான். வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தாலே பாதி பிரச்சினை தீரும். இதற்கு காசு செலவில்லை.

வைபையில் 2 வகை. 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவது சுவரை ஓரளவு தாண்டி தூரமாக போகும், வேகம் குறைவு. இரண்டாவது வேகம் அதிகம், ஆனால் ரெண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும். மோடம் இருக்கிற அறையிலேயே கம்ப்யூட்டர் இருந்தால் 5-ஐ பிடியுங்கள். போனில் பெயருக்கு பின்னால் '5ஜி' என்று காட்டுவது பெரும்பாலும் இந்த 5 கிகாஹெர்ட்ஸ்தான். அதற்கும் செல்போன் கம்பெனியின் 5ஜி-க்கும் சம்பந்தம் இல்லை.

வரிசையாக 8 குடித்தனம் இருக்கிற லைன் வீட்டில் 8 மோடம் இருந்தால் 2.4-ல் கூட்டம் அதிகம். அதில் ஒன்றோடு ஒன்று மோதாத பாதைகள் 1, 6, 11 என்று மூன்றுதான். எல்லோரும் வேலை முடிந்து வந்து படம் பார்க்கிற ராத்திரி 8 மணிக்கு மேல் பஸ் ஸ்டாண்டு மாதிரி நெரிசல் ஆகிவிடும். புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே பாதையில்தான் வருகின்றன. இந்த நேரத்தில் பிளானை மாற்றினாலும் பலன் இல்லை. வயர் போட்டவர் மட்டும் நிம்மதியாக இருப்பார்.

குட்டி அடாப்டர் வாங்கும் முன்...

வைபை இல்லாத பழைய கம்ப்யூட்டருக்கு விரல் நுனி அளவில் யு.எஸ்.பி. வைபை அடாப்டர் விற்கிறார்கள். விலை குறைந்தவை பலவும் 2.4 மட்டும் எடுக்கும். அட்டையில் '150' என்று போட்டிருக்கும். அது ஏட்டு சுரைக்காய். கையில் வருவது பாதியோ, அதற்கும் கீழோதான்.

அதை சி.பி.யு. பெட்டியின் பின்பக்கம், சுவரை ஒட்டி சொருகினால் இரும்பு பெட்டியே அலையை மறைத்துவிடும். யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்கி மேஜை மேல் எடுத்து வையுங்கள். நீல நிற ஓட்டையான யு.எஸ்.பி. 3-ல் ஹார்டு டிஸ்க் மாட்டியிருந்தால் அதன் இரைச்சல் 2.4 வைபையை கெடுக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ம் ஆண்டு எழுதி வைத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டக்கூடாது.

வாங்கும் முன் காசு செலவில்லாமல் சோதித்து பார்க்க ஒரு வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனை வீட்டு வைபையில் சேருங்கள். போனை சார்ஜர் வயரில் கம்ப்யூட்டரோடு மாட்டி, செட்டிங்கில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான போன்களில் போனே வைபையை வாங்கி கம்ப்யூட்டருக்கு கொடுக்கும். அந்த இடத்தில் அலை கிடைக்கிறதா, வேகம் போதுமா என்று தெரிந்துவிடும். அவசரத்துக்கும் இது கைகொடுக்கும். பைபர் அறுந்தால் அதே வயரில் போனின் டேட்டாவை எடுத்து விண்ணப்பத்தை முடித்துவிடலாம்.

லேன் ஓட்டை இல்லாத மெலிசு லேப்டாப்புக்கு யு.எஸ்.பி.-லேன் அடாப்டர் கிடைக்கிறது. கரண்ட் வயர் வழியாகவே நெட் கொண்டுபோகும் பெட்டியும் வருகிறது. வீட்டு வயரிங் பழசு, வேறு பேஸ், நடுவில் ஸ்பைக் பஸ்டர் என்றால் அது திணறும். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்றால் மட்டும் வாங்குங்கள்.

சண்டைக்கு போகும் முன் சோதனை

லேப்டாப் ஒன்றை மோடம் பக்கத்தில் கொண்டுபோய் சின்ன லேன் வயரில் நேராக மாட்டுங்கள். வீட்டில் மற்றவர்கள் போனில் வைபையை அணைத்துவிடட்டும். ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை.

பிளானில் சொன்ன வேகம் வயரில் வந்து, உள்ரூமில் மட்டும் வரவில்லை என்றால் கேபிள்காரர் மேல் தப்பில்லை. நடுவழிதான் கோளாறு. பிளானை ஏற்றினால் காசு தண்டம். வயரிலேயே வரவில்லை என்றால் அந்த ஸ்கிரீனை போட்டோ எடுத்துக்கொண்டு தைரியமாக கேளுங்கள். பிராட்பேண்ட் என்று சொல்ல குறைந்தபட்சம் 2 எம்.பி.பி.எஸ். வேண்டும் என்று மத்திய அரசு 2023-ம் ஆண்டு வரையறையை மாற்றியது. ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது அந்த 2 இல்லை, உங்கள் பிளானில் எழுதிய வேகம்.

வயர் இழுக்கும்போது...

கரண்ட் வயர் போகிற அதே பைப்பில் லேன் வயரை நுழைக்காதீர்கள். கதவு இடுக்கில் நசுங்க விடாதீர்கள். ஆணி அடித்து இறுக்கி வளைக்காமல் கிளிப் போடுங்கள். வெயிலில் போகிற இடத்துக்கு வெளி உபயோகத்துக்கான கறுப்பு வயர்தான் தாங்கும்.

மொட்டை மாடி வழியாக பக்கத்து வீட்டுக்கு லேன் வயர் இழுத்து ஆளுக்கு பாதி பணம் போடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது வேண்டாத வேலை. பைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் பாயாது. லேன் வயரில் இருப்பது உலோகம். சித்திரை மாத இடி மழையிலோ, ஐப்பசி மழையிலோ பக்கத்தில் மின்னல் இறங்கினால் இரண்டு வீட்டு மோடமும் கம்ப்யூட்டரும் சேர்ந்து போகலாம். தவிர, அந்த நெட்டில் யார் என்ன வம்பு செய்தாலும் கனெக்ஷன் யார் பெயரில் இருக்கிறதோ, முதலில் அவரைத்தான் கேட்பார்கள். இடி இடிக்கும்போது மோடத்தின் கரண்ட் பிளக்கையும் கழற்றி வைப்பது நல்லது.

கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். வைத்திருப்பவர்கள் மோடத்தை மறந்துவிடுகிறார்கள். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் ஓடும், நெட் இருக்காது. மோடம் பிளக்கையும் அதே யு.பி.எஸ்.சில் சேருங்கள். மோடத்துக்கு மட்டும் என்று குட்டி யு.பி.எஸ்.சும் கிடைக்கிறது. மோடம் அடாப்டரில் எழுதியிருக்கிற வோல்ட், பெரும்பாலும் 12, அதோடு பொருந்துகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

லைட் சொல்லும் சேதி

வயரை மாட்டியும் நெட் வரவில்லை என்றால் மோடத்தில் அந்த 'லேன்' லைட்டை பாருங்கள். எரியவில்லை என்றால் வயரோ, பின்னோ, கார்டோ போச்சு. வேறு வயர் மாட்டி பாருங்கள். லைட் மினுக்குகிறது, ஆனாலும் நெட் இல்லை என்றால் கம்ப்யூட்டருக்கு கிடைத்த ஐ.பி. எண்ணை பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால் மோடத்திடம் இருந்து கம்ப்யூட்டருக்கு முகவரி கிடைக்கவில்லை. மோடத்தை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு போடுங்கள்.

'எல்.ஓ.எஸ்.' என்ற லைட் சிவப்பாக எரிந்தால் கம்ப்யூட்டர் பக்கம் போகவே வேண்டாம். வெளியில் பைபர் அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம். லாரியோ, மரக்கிளையோ இழுத்திருக்கும். அறுந்த முனை கையில் கிடைத்தால் கண் பக்கத்தில் வைத்து பார்க்கக்கூடாது. கண்ணுக்கு தெரியாத லேசர் ஒளி அதில் வரும். குழந்தைகளை தள்ளி நிறுத்திவிட்டு கேபிள்காரருக்கு போன் போடுங்கள்.